படிக்க ஒன்பது சதுர அடி

"தேவை எது, விருப்பம் எது?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். உணவு, உடை, உறைவிடம் தேவை. தொலைக்காட்சி, கைப்பேசி, மோட்டார் சைக்கிள் விருப்பம் என்று ஒரே குரலில் பதில் வரும். தேர்விலும் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அன்று மாலையே பள்ளி வாசல் கடையில் ஐந்து ரூபாய்க்கு எதையாவது வாங்கித் தின்றுவிட்டு உறையைக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். விடையில் பிழையில்லை. ஆனால் அது விடைத்தாளோடு நின்றுவிடுகிறது. வீடு வரை போவதில்லை.

நான் திருக்கோவிலூர் பகுதியில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். குறைவாக வாங்குவது, இருப்பதை ஒழுங்கு செய்வது, வேண்டாததைக் கழிப்பது ஆகியவற்றை அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் இதை அளவைப் பாடமாக நடத்தினேன். நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை. தேவைப்பட்டவை சுண்ணக்கட்டி, அளவுநாடா, வரைபடத்தாள், ஒரு வெற்று அட்டைப்பெட்டி. புதிதாக எதையும் வாங்கவில்லை. இந்தப் பாடத்துக்காகவே சார்ட் தாள்களும் தெர்மாகோலும் வாங்கிக் குவித்தால் பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எதை முதலில் எடுத்தீர்கள்?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த இரண்டு நாள் மழையும், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டதும் நம் மாவட்டத்தார் யாரும் மறக்கக்கூடியவை அல்ல. தென்பெண்ணை கரைமீறியது. ஆற்றோரத் தாழ்வான தெருக்களில் இருந்தவர்கள் இருட்டில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.

பாடத்தை நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். "அன்று உங்கள் வீட்டில் எதை முதலில் எடுத்தார்கள்? வெள்ளம் வராத தெருவில் இருப்பவர்கள், வந்திருந்தால் எதை எடுத்திருப்பார்கள் என்று வீட்டில் கேட்டு வாருங்கள்." ஒரு எச்சரிக்கை: அந்த இரவை நினைக்கவே அஞ்சும் பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பேசச் சொல்லி வற்புறுத்தக்கூடாது. எழுதித் தந்தால் போதும், எழுதாவிட்டாலும் போதும்.

மறுநாள் கரும்பலகையில் எழுதியபோது பட்டியல் சிறியதாகவே இருந்தது. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா, தோடு, தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, கைக்குழந்தையின் துணி, ஆட்டுக்குட்டி, அக்காவின் மதிப்பெண் சான்றிதழ், பள்ளிப் பை. ஒருவன் மட்டும் "கேரம் போர்டு டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. அது அவன் போட்டியில் வென்ற பரிசு என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. உணவு, உடை, உறைவிடத்தோடு தேவை முடிந்துவிடுவதில்லை என்பதை நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"அப்படியென்றால் மற்றவையெல்லாம் வேண்டாதவையா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். தண்ணீர் வடிந்த அன்றைக்கே அண்டாவும் அடுப்பும் பாயும் வேண்டியிருந்தன. ஆகவே தேவை, விருப்பம் என்ற இரண்டு கட்டங்களை அழித்துவிட்டு மூன்று கட்டங்கள் போட்டோம். முதலாவது, தினமும் கை படுபவை. இரண்டாவது, எப்போதாவது வேண்டியவை. மூன்றாவது, எதற்காக இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாதவை. மூன்றாம் கட்டத்தை நிரப்பப் பிள்ளைகளுக்குக் குஷி பிறந்துவிட்டது. மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, ஓடாத கடிகாரம், ஒற்றைச் செருப்பு, பழைய சார்ஜர்கள், கல்யாணங்களில் தாம்பூலத்தோடு தந்த பிளாஸ்டிக் கிண்ணங்கள் என்று பலகையில் இடம் போதவில்லை.

ஒழுங்குபடுத்தல் பற்றி இணையக் காணொலிகள் பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோவைத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, இல்லையென்றால் விடைகொடுத்து அனுப்பச் சொல்பவர் அவர். 2019இல் நெட்பிளிக்ஸில் அவருடைய தொடர் வந்தபின் உலகெங்கும் பேசப்பட்டார். அந்தக் கேள்வி நம் வீடுகளுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. பித்தளை அண்டாவைத் தூக்கிப் பார்த்தால் முதுகு வலிதான் வரும், மகிழ்ச்சி வராது. ஆனால் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராதபோது அதுதான் வீட்டைக் காப்பாற்றுகிறது. மகிழ்ச்சி தருகிறதா என்பதை விட, கடைசியாக எப்போது எடுத்தோம் என்று கேட்பது நமக்கு உதவும். அதற்கு ஒரு பாட்டியாலும் பதில் சொல்ல முடியும்.

இடைகழியை வரைந்த நாள்

திருக்கோவிலூர் என்றாலே இலக்கியம் படித்தவர்களுக்கு முதலாழ்வார்கள் நினைவுக்கு வருவார்கள். காஞ்சியில் பிறந்த பொய்கையார், கடல்மல்லையில் பிறந்த பூதத்தார், மயிலையில் பிறந்த பேயார் ஆகிய மூவரும் ஒரு மழையிரவில் இவ்வூரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார்கள் என்பது வைணவ மரபு சொல்லும் செய்தி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவில்தான் அந்த இடம் இருந்தது. முதலில் வந்தவர் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். மூன்று திருவந்தாதிகளும் அந்த இரவில் பிறந்தவை என்பார்கள்.

தமிழ் வகுப்பில் இந்தச் செய்தி பக்தியோடு முடிந்துவிடும். கணித வகுப்பில் இது பரப்பளவுப் பாடம். வராந்தாத் தரையில் சுண்ணக்கட்டியால் இடைகழி வரையச் சொன்னேன். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். ஒருவன் படுத்தான், சுற்றிக் கோடு போட்டார்கள். அதே கோட்டுக்குள் இருவர் உட்கார்ந்தார்கள், பிறகு மூவர் நின்றார்கள். சற்று வாக்குவாதத்துக்குப் பிறகு 5 அடிக்கு 2 அடி என்று முடிவாயிற்று: 10 சதுர அடி. பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவன் வந்து படுத்துப் பார்த்தான். கால் வெளியே நீண்டது. ஆழ்வார்கள் பெரியவர்கள், 6 அடியாவது வேண்டும் என்று திருத்தினார்கள்.

அடுத்து, ஒரு பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே புத்தகத்தையும் நோட்டையும் விரித்துவைத்து எழுத எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்தோம். 3 அடிக்கு 3 அடி, அதாவது 9 சதுர அடி. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த ஒன்பது சதுர அடியைத்தான் வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். "உங்கள் வீட்டை அளந்து வரைபடத்தாளில் வரையுங்கள். 1 செ.மீ. என்றால் 1 அடி. எங்கெங்கே என்னென்ன பொருள் இருக்கிறது என்று குறியுங்கள். பிறகு நீங்கள் உட்கார்ந்து படிக்கும் 3க்கு 3 சதுரத்தைச் சிவப்பு நிறத்தில் தீட்டுங்கள்." உலகளந்த பெருமாள் கோயில் கொண்ட ஊரில் இருந்துகொண்டு சொந்த வீட்டை அளக்காமல் இருக்கலாமா என்று கேட்டதும் உற்சாகமாகப் போனார்கள்.

நம் பிள்ளைகளின் வீடுகள் எவ்வளவு பெரியவை என்பது நமக்குத் தெரியும். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. அதற்குள் சமையல், படுக்கை, சாமி படம், தாத்தா பாட்டி எல்லாம் அடக்கம். பிள்ளைகள் கொண்டுவந்த அளவுகளைப் பாருங்கள்: சீராக வந்த இரட்டைக் கட்டில் 6க்கு 5, 30 சதுர அடி. பீரோ 3க்கு ஒன்றரை, நாலரை சதுர அடி. டி.வி. ஸ்டாண்டு 4க்கு ஒன்றரை, 6 சதுர அடி. குளிர்பதனப் பெட்டி 4 சதுர அடி. ஒரு மாணவி வீட்டில் இரண்டு பீரோக்கள். ஒன்று அம்மாவுக்குச் சீராக வந்தது, இன்னொன்று சித்திக்கு வந்தது; சித்தி குடும்பம் வேலைக்காகப் பெங்களூரு போய்விட்டதால் இங்கே நிற்கிறது. இரண்டு பீரோ சேர்ந்தால் 9 சதுர அடி. "டீச்சர், எங்க வீட்ல நான் உக்கார்ற எடத்துல சித்தி பீரோ இருக்குது" என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்.

சிவப்புச் சதுரம் வரைய முடியாமல் வந்தவர்கள் பலர். கட்டில்மேல் தீட்டியிருந்தவர்கள் உண்டு. ஆனால் பகலில் கட்டில்மேல் துவைத்த துணி, போர்வை, மூட்டை எல்லாம் கிடக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒருவன் வாசற்படியில் தீட்டியிருந்தான். மழை வந்தால் என்ன செய்வாய் என்றேன். "மழை வந்தா படிக்க மாட்டேன் டீச்சர்."

வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் பிள்ளையை நாம் எத்தனை முறை நிற்கவைத்திருக்கிறோம்! சோம்பல், கைப்பேசி, வீட்டில் கவனிப்பு இல்லை என்று காரணங்களை நாமே சொல்லிக்கொள்கிறோம். உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. பொருள் குறைப்பதைப் பற்றி நகரத்து வசதியானவர்கள் பேசும்போது மன அமைதி, அழகு என்கிறார்கள். எங்கள் ஊரில் அது ஒரு பிள்ளையின் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பள்ளியில் நடத்தலாம்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு தாய் சொன்னதை அப்படியே தருகிறேன். "கட்டிலை எப்படி டீச்சர் விக்கறது? எங்கம்மா கடன் வாங்கிப் போட்ட சீரு. பெரியவளுக்குக் கல்யாணம்னா அதையே பாலிஷ் போட்டுக் குடுத்துடலாம்னு வெச்சிருக்கேன்." இதற்கு நம்மிடம் மறுமொழி கிடையாது. அந்தக் கட்டில் அவருக்குச் சேமிப்பு. பரணில் அட்டைப்பெட்டியோடு இருக்கும் எவர்சில்வர் குடங்களும் அப்படித்தான். அடகுக் கடைக்குப் போகாத நாட்களில் அவை பரணில் இருக்கின்றன. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டி ஓடாமல் போன பின்னும் மூலையில் இருக்கும் வீடுகள் உண்டு. அந்தத் தெருவுக்கே முதலில் வந்த டி.வி. அது, தூக்கிப் போட மனம் வராது. எதையும் விற்கச் சொல்லவோ எறியச் சொல்லவோ நமக்கு உரிமை இல்லை. ஒன்பது சதுர அடி மட்டும் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டாலும் சரி, கட்டிலுக்கடியில் மூட்டைகளை நகர்த்தினாலும் சரி, மாலை 6 முதல் 8 வரை அந்த இடம் பிள்ளைக்கு வேண்டும்.

சில வீடுகளில் கிடைத்தது, சில வீடுகளில் இல்லை. சித்தி பீரோ இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் மூன்றாம் கட்டத்துப் பொருள்கள் ஒரு சாக்கு நிறையப் பழைய இரும்புக்காரரிடம் போய், பீரோவுக்கு எதிர்ப்புறம் இடம் பிறந்திருக்கிறது.

ஒரு பெட்டியில் அடங்குபவை

இந்தப் பாடத்தில் ஒரு அபாயம் உண்டு. அதை முன்கூட்டியே நினைத்து, படங்களைச் சுவரில் ஒட்டக்கூடாது, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் கேட்பார்களா? கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி தன் டிரங்குப் பெட்டியை மட்டும் வரைந்திருந்தாள். உள்ளே இருப்பவை: இரண்டு சீருடை, இரண்டு பாவாடை சட்டை, துண்டு, சோப்பு, சீப்பு, கண்ணாடி, புத்தகங்கள், அம்மாவின் படம். பின்வரிசைப் பையன் எட்டிப்பார்த்து, "இவ்ளோதானா?" என்றான்.

குறைவாக வைத்திருப்பது நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கும் வகுப்பில் குறைவாக வைத்திருப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பாராட்டியிருந்தால் அது இன்னும் கொடுமை. அவள் எளிமையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளுக்கு இருப்பதே அவ்வளவுதான். இன்மைக்கு எளிமை என்று பெயர் சூட்டிப் பாராட்டுவது ஆசிரியர் செய்யக்கூடாத வேலை. மலையில் கடுக்காய் பொறுக்கியும் கூலி வேலைக்கு வெளியூர் போயும் பிழைக்கும் குடும்பத்திடம் குறைவாக வாங்குங்கள் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

அப்போது காந்தியடிகள் மதுரையில் உடையைக் குறைத்ததைச் சொன்னேன். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி என்று ஆண்டும் இடமும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஏன் என்பதைத்தான் அவர்கள் கேட்டதில்லை. கதர் உடுத்துங்கள் என்று அவர் சொன்னபோது, வாங்க எங்களிடம் பணம் இல்லை என்று ஏழைகள் சொன்னார்கள். அவர்களிடம் இன்னும் சிக்கனமாக இருங்கள் என்று அவர் சொல்லவில்லை. தன் உடையைக் குறைத்துக்கொண்டார். குறைக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. புறநானூற்றின் 189ஆம் பாடலில் நக்கீரனாரும் உலகாளும் அரசனுக்கும் உறங்காமல் வேட்டையாடுபவனுக்கும் உணவும் உடையும் ஒரே அளவுதான் என்று சொல்லிவிட்டு, செல்வத்தின் பயன் கொடுப்பதே என்று போகிறார். இல்லாதவனைப் பார்த்து அவர் பேசவில்லை.

ஆகவே பேச்சு நம் பக்கம் திரும்புகிறது. மாதச் சம்பளம் வாங்குபவர்கள் நாம். ஆசிரியர் அறைக்கு மாதந்தோறும் மூட்டையோடு வரும் தவணைச் சேலை வியாபாரியை எல்லாப் பள்ளிகளுக்கும் தெரியும். இப்போது பள்ளி முகவரிக்கே பார்சல்கள் வருகின்றன. மூன்றாம் பாடவேளையில் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பிள்ளைகள் ஓடிப்போய் வாங்கி வருகிறார்கள். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சேலை அடுத்த ஆடிவரை மடிப்புக் கலையாமல் இருப்பது என் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. அந்த மாதம் பார்சல்களை வீட்டு முகவரிக்கு மாற்றிக்கொண்டேன். வீட்டில் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை என்பதால் பாதி வாங்குவதே நின்றுபோயிற்று.

அந்த மாணவிக்கு நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பொருள் பரிமாற்ற மேசை வைத்தபோது அவளே பொறுப்பாளராக நின்றாள். நெல்லையில் மாவட்ட நிர்வாகம் வைத்த அன்புச் சுவரைப் போன்ற ஏற்பாடுதான்; எங்களுடையது சுவர் அல்ல, அட்டைப்பெட்டி. கூடுதலாக இருக்கும் வண்ணப் பென்சில், கணித உபகரணப் பெட்டி, கால் வளர்ந்து சிறியதாகிப்போன காலணி ஆகியவற்றைப் போடலாம், வேண்டியவர் எடுக்கலாம். யார் போட்டார், யார் எடுத்தார் என்று குறிப்பு வைப்பதில்லை. குறிப்பு வைத்தால் எடுக்க வேண்டியவர்கள் எடுக்க மாட்டார்கள்.

சரமாகத் தொங்குபவை

வாங்குவதைப் பற்றிய பாடத்துக்கு எங்கள் ஆற்றோடு கொஞ்ச தூரம் போக வேண்டும். திருக்கோவிலூரைக் கடக்கும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு விற்கலாம் என்று செய்து காட்டிய சின்னி கிருஷ்ணன் அந்தக் கடலூர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது. காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்று இலவசம் என்ற திட்டமும் அதற்கு உதவியது. இன்று பெட்டிக்கடையில் ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சரம் சரமாகத் தொங்குவதன் தொடக்கம் நம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு வியப்பான செய்தி.

ஒரு வாரம் வீட்டில் சேரும் காலிப் பாக்கெட்டுகளைக் கழுவி, காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வகைப்படுத்தி, எண்ணி, 52ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பெருக்கல் முடிந்ததும் வகுப்பில் ஒரு அமைதி வரும். பிறகு நிகர அளவையும் விலையையும் படிக்கவைத்து, ஒரு மில்லி லிட்டருக்கு எவ்வளவு, ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று வகுக்கச் சொல்லுங்கள். விகிதம் என்ற பாடம் இதைவிட நன்றாகப் பதிய வழியில்லை.

இங்கே விடையை முன்பே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். சின்னப் பாக்கெட் என்றால் எப்போதும் நஷ்டம் என்று நினைப்போம். ஷாம்புவில் சில வகைகளுக்குப் பாக்கெட்டே மலிவு. பாட்டிலுக்கு ஒரு மில்லி கூடுதல் விலை. தின்பண்டங்களில் கதை வேறு: ஐந்து ரூபாய் என்ற விலை ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்க, உள்ளே எடை குறைந்துகொண்டே வருகிறது. பிள்ளைகள் தாங்களே வகுத்துக் கண்டால்தான் அதற்கு மதிப்பு.

பாக்கெட் வாங்கும் குடும்பத்தைக் குறை சொல்வதற்கும் இதில் இடமில்லை. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் கையில் இன்றைய காசுதான் இருக்கும். 200 ரூபாய் பாட்டில் வாங்க அவரால் எப்படி முடியும்? கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நம்மூரில் பழைய வழக்கம்தான். ஆழாக்கு அரிசி, ஐந்து ரூபாய்க்கு எண்ணெய் என்று சீசாவை எடுத்துக்கொண்டு போய் வாங்கியிருக்கிறோம். அன்று சீசா வீட்டுக்குத் திரும்பி வந்தது. இன்று உறை சாக்கடைக்குப் போகிறது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் கலந்த அந்த உறையைப் பழைய பொருள் வாங்குபவரும் எடுப்பதில்லை. 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. பை மாறியிருக்கிறது, பைக்குள் போகும் உறைகள் அப்படியே இருக்கின்றன.

பிள்ளைகளே ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். கடைக்குப் போகுமுன் வாங்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதுவது. சீட்டில் இல்லாதது கண்ணில் பட்டால் வீட்டுக்கு வந்து எழுதிவைத்து, மறுநாளும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குவது. எத்தனை பேர் தொடர்ந்து செய்கிறார்கள் என்று நான் துருவுவதில்லை. ஒரு மாணவனின் தந்தை, "கடைக்குப் போகச் சொன்னா சீட்டு கேக்கறான் டீச்சர், பெரிய ஆபீசர் மாதிரி" என்று குறைபோலச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நம்ம ஸ்கூல்ல மட்டும்?

கேள்வி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. "டீச்சர், எங்களை ஒம்பது சதுர அடி ஒதுக்கச் சொல்றீங்க. நம்ம ஸ்கூல்ல ஒரு ரூமே பூட்டிக் கெடக்குதே?" மாடிப்படிக்கு அருகில் உள்ள பொருள் அறையைத்தான் சொன்னாள். எந்தப் பள்ளியில் அப்படி ஒரு அறை இல்லை! கால் உடைந்த பெஞ்சுகள், பழைய பாடத்திட்ட நூல்கள், விடைத்தாள் கட்டுகள், ஆண்டுவிழாப் பதாகைகள், இயங்காத கணினிகள். ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் பொறுப்பேற்கும்போது பட்டியலைச் சரிபார்த்து வாங்குகிறார், போகும்போது அதே பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது என்ற அச்சத்தில் உடைந்த பெஞ்சும் பதவிக்காலம் முடியாமல் நீடிக்கிறது.

இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருளை நாமாக அப்புறப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் கழிவு நீக்கத்துக்கு முறை இருக்கிறது. பயன்படாத பொருள்களைத் தனிப்பட்டியல் எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, உயர் அலுவலரின் அனுமதி பெற்று, ஏலம் விட்டு, தொகையை அரசுக் கணக்கில் செலுத்தி, பதிவேட்டில் கழித்து எழுத வேண்டும். கணினிகளை இரும்புக் கடையில் போடக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். எங்கள் தலைமை ஆசிரியர் இதை எடுத்துச் செய்ய முன்வந்தார். பட்டியல் எடுக்கும் வேலையில் எட்டாம் வகுப்பு உதவியது. தூசு, பூச்சி, கண்ணாடித் துண்டு இருக்கும் என்பதால் பொருள்களைத் தூக்கும் வேலையைப் பெரியவர்களே செய்தோம். பெஞ்சுகளில் சிலவற்றைத் தச்சர் ஒருவர் சரிசெய்து கொடுத்தார். அவை இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கின்றன. அனுமதி வர நான்கு மாதம் ஆயிற்று. கணினிகளுக்கான கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அவற்றை ஒரு மூலையில் அடுக்கி, மேலே துணி போர்த்தியிருக்கிறோம்.

அறையை அளந்தோம். 20 அடிக்கு 12 அடி, 240 சதுர அடி. கணினிகள் இருக்கும் மூலைக்கு 6 சதுர அடி போக 234. ஒன்பதால் வகுத்தால் 26 பேர் உட்கார்ந்து படிக்கலாம் என்று பலகையில் எழுதினேன். சித்தி பீரோ மாணவி எழுந்து, "நடக்க வழி வேணாமா டீச்சர்?" என்றாள். 2 அடி அகலத்தில் 20 அடி நீளத்துக்கு நடைவழி விட்டால் 40 சதுர அடி போகும். மீதி 194. மாலையில் வீட்டில் இடமில்லாதவர்கள் 21 பேர் அங்கே உட்காருகிறார்கள். ஆறு மணிக்குப் பூட்டிச் சாவியைச் சமையலர் அம்மாவிடம் கொடுக்கிறோம்.